500 மீற்றர் மழைப் படம்: சந்தா கட்டி இரண்டு போகம் பார்த்தவன் எழுதுகிறேன்

அப்பின் பெயரைக் கேட்காதீர்கள், எழுதப் போவதில்லை. வெளிநாட்டுக் கொம்பனி, சண்டைக்கு நின்றுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை; அதோடு நான் சொல்லப் போகும் குறை அந்த ஒரு அப்புக்கு மட்டும் உரியதும் இல்லை. “உங்கள் வயலுக்கு மேலே நடப்பதை 500 மீற்றர் துல்லியத்தில் பாருங்கள்” என்று விளம்பரம் போட்டுக் காசு கேட்கிற எந்த மழை அப்பையும் வாங்க முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தில், முரசுமோட்டைப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் செய்கிற நாலு ஏக்கர் வயல் எங்களுடையது. காலபோகம், தண்ணி கிடைத்தால் சிறுபோகம். சந்தா ஆண்டுக்கு ஒரு அந்தர் யூரியாவின் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டினது பிழை என்று உடனே சொல்லமாட்டேன், ஏனென்றால் பார்க்க அவ்வளவு வடிவு. கையால் விரித்தால் கண்டாவளை வருகிறது, இன்னும் விரித்தால் எங்கள் வாய்க்கால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இளநீலம், அந்தப் பக்கம் கடும்பச்சை, மழை வரம்பு பார்த்துப் பெய்கிற மாதிரி. முதல் கிழமை முழுக்க நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஐயா ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு “உதில எங்கட மாடும் தெரியுமோ?” என்று கேட்டார். அந்தளவுக்கு விளக்கம்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

சிறுபோக அறுவடை, ஆவணிக் கடைசி. வெட்டு மெசின் வந்து போய், நெல்லை வீதியோரம் பரவிக் காயவிட்டு, பொழுதுபட்டதும் குவித்துவிட்டோம். படங்கு இரண்டு இருந்தது, ஒன்று கிழிசல், ஆகவே குவியலில் பாதிக்கு மேல் திறந்தபடி. இரவு ஒரு மணி போல ஐயா எழுப்பினார். “தம்பி, கிழக்கால மின்னுது. எழும்பு, மூடுவம்.” நான் செய்தது என்ன? போனை எடுத்தேன். அப்பில் பெரிய சிவப்புப் பொட்டு ஒன்று எங்களுக்கு மேற்கே முழங்காவில் பக்கம் நின்றது, அது மேற்கே கடலுக்குள் நகர்கிறது என்று அம்புக்குறியும் போட்டிருந்தது, எங்கள் வயலுக்கு மேலே சுத்தம், அடுத்த இரண்டு மணிநேரத்துக்கு மழை இல்லை என்று பச்சையில் ஒரு வரி. “அது பூநகரியும் தாண்டியிட்டுது ஐயா, படுங்கோ” என்றேன். நாற்பது நிமிசம் ஆகவில்லை. அந்த மழை பெய்த பெய்ப்பில் குவியலுக்கு அடியால் வெள்ளம் ஓடியது. ஐயாவின் மழைமானியில் 38 மில்லிமீற்றர். நனைந்ததில் ஒரு பங்கு முளைத்துவிட்டது, மிச்சத்துக்கு வியாபாரி கிலோவுக்குக் குறைத்துத்தான் தந்தார். ஐயா அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் “பூநகரி மழை நல்லாத்தான் பெய்துது” என்றார்.

கோபத்தில் அப்பை அழிக்கப் போனவன், அழிக்க முதல் அதற்குள் பொடி எழுத்தில் இருந்த ‘தரவு மூலம்’ என்ற பக்கத்தை வாசித்தேன். அங்கேதான் விசயம் இருந்தது. எங்கள் பக்கத்து மேகப் படத்துக்கு அவர்கள் எடுப்பது ஜப்பானின் ஹிமாவரி செய்மதி. அருமையான செய்மதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹிமாவரி-8 2014இல் ஏவினது, 2022 டிசெம்பரில் ஹிமாவரி-9 அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. பத்து நிமிசத்துக்கு ஒரு முழுப் படம், கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் அரைக் கிலோமீற்றர் வரைக்கும் பிரித்துக் காட்டும். அப்போ அந்த 500 மீற்றர் வந்தது இதிலிருந்துதான்! ஆனால் அது பகலில் மட்டும், அதிலும் செய்மதிக்கு நேர் கீழே உள்ள இடத்துக்கு. இரவில் அகச்சிவப்புத்தான், அதில் 2 கிலோமீற்றர். அதுவும் நேர் கீழே.

நேர் கீழே என்றால் எங்கே? 140.7 பாகை கிழக்கு, மத்திய கோட்டுக்கு மேலே, நியூகினித் தீவுப் பக்கம். நாங்கள் 80.4 பாகையில் இருக்கிறோம். வன்னியில் நின்று அந்தச் செய்மதியைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால் அது கிழக்கு அடிவானத்துக்கு மேலே 21 பாகை உயரத்தில்தான் நிற்கும், காலை ஏழரை மணிச் சூரியன் மாதிரி. அவ்வளவு சாய்வாக அது எங்களைப் பார்க்கிறது. சாய்ந்து பார்க்கிறவனுக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பனையின் வட்டு அடுத்த காணிக் கூரைக்கு மேலே நிற்பது போலத் தெரியுமே, அதே கதை. மேகத்தின் தலையைப் பார்த்து அதற்கு நேர் கீழே உள்ள ஊர் எது என்று கணக்குப் போடாமல், அந்தப் பார்வைக் கோடு போய் நிலத்தில் எங்கே முட்டுகிறதோ அந்த ஊரின் பெயரை எழுதிவிடுகிறது படம்.

எவ்வளவு தள்ளி எழுதும்? தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள், அவளைப் பிடித்து இருத்தினேன். உச்சியில் இருந்து 69 பாகை சாய்வு, இடி மேகத்தின் தலை 15 கிலோமீற்றர் உயரம் என்று வைத்தால், தான்சன் (tan) 69 கிட்டத்தட்ட 2.6, பெருக்கினால் 39. “மாமா, நாற்பது கிலோமீற்றர் மேற்கால தள்ளிக் காட்டும்” என்றாள். கிழக்கே முல்லைத்தீவு ரவுனுக்கு மேலே நிற்கிற இடிமேகம் எங்கள் தலைக்கு மேலே நிற்பதாகத் தெரியும். எங்கள் தலைக்கு மேலே நின்றது? முழங்காவில் பக்கம்! ஐயாவுக்குக் கிழக்கே மின்னியது, எனக்குப் போனில் மேற்கே போனது, இரண்டும் ஒரே மேகம். அம்புக்குறி மேற்கே காட்டினதுக்கும் காரணம் இருக்கிறது: அது மேகத் தலையின் ஓட்டத்தைப் பார்த்துப் போட்ட அம்பு, அந்த மாதங்களில் கீழே சோளகம் தென்மேற்கால் அடித்தாலும் அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாயும், தலைமயிர் ஒரு பக்கம் பறக்கும், ஆள் நின்ற இடத்தில் நிற்பான்.

இதைத் திருத்த முடியாதா என்றால் முடியும், மேகத்தின் உயரம் தெரிந்தால் திரும்பத் தள்ளி வைக்கலாம், வானிலைக்காரர் செய்கிறவர்கள்தான். இந்த அப் செய்யவில்லை, அல்லது எங்கள் பக்கத்துக்குச் செய்யவில்லை. அதைவிடச் சிரிப்பு, அந்தச் சாய்வில் 2 கிலோமீற்றர் கட்டமும் கிழக்கு மேற்காக இழுபட்டு 6 கிலோமீற்றர் அளவுக்குப் போய்விடும். அப்போ நான் காசு கட்டிப் பார்த்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் எங்கிருந்து வந்தது? ஆறு கிலோமீற்றர் கட்டத்தை எடுத்து, பக்கத்துக் கட்டத்தோடு நிறத்தை இழைத்து, மெல்ல மெல்ல மாறுகிற மாதிரித் தடவிவிட்டிருக்கிறார்கள். அடையாள அட்டைப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெருப்பித்தால் முகம் பெருக்கும், படத்தில் விழாத மச்சம் புதிதாக வராது.

இதே நேரம் இந்தியாவின் இன்சாட்-3டிஆர் 74 பாகையில் நிற்கிறது, 2016இல் ஏவினது. அகச்சிவப்பில் அதன் கட்டம் 4 கிலோமீற்றர். அப் வியாபாரிகள் அட்டவணை போட்டால் 2 கிலோமீற்றர் வென்றுவிடும், 4 தோற்றுவிடும். ஆனால் அது எங்களுக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது, அதே 15 கிலோமீற்றர் மேகத்தை மூன்று நாலு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிக் காட்டாது. படம் சற்றுச் சொரசொரப்பு, அரை மணிக்கு ஒன்றுதான் வரும், இந்திய வானிலைத் திணைக்களத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் இப்போது பார்ப்பது அதைத்தான். பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எனக்கு அது விளங்க ஒரு குவியல் நெல் நனைய வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, உண்மையில் அதுதான் பெரிய சிக்கல். அகச்சிவப்புப் படம் மழையைப் பார்ப்பதே இல்லை. மேகத்தின் மேற்புறம் எவ்வளவு குளிர் என்று மட்டும்தான் பார்க்கிறது. குளிர்ந்தால் உயரம், உயரம் என்றால் மழை என்று ஊகிக்கிறது. கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்கிற வேலை. இடிமழை முடிந்த பிறகும் உயரத்தில் பரந்து கிடக்கிற மெல்லிய மேகத்துக்கு இந்த அப் மணித்தியாலக் கணக்கில் மழை போட்டுக்கொண்டிருக்கும், கீழே வெயில் எறிக்கும். மாரியில் வாடைக்காற்றோடு விடியப்புறம் கடற்கரைப் பக்கமிருந்து வருகிற தாழ்வான மேகங்கள் இருக்கிறதே, பத்து நிமிசம் சடசடவென்று ஊற்றிவிட்டுப் போகும், அதைக் கவனிக்கவே கவனிக்காது. கூரை தாழ்வு, வீட்டில் ஆளில்லை என்று நினைத்துவிடும்.

வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டுமென்றால் நுண்ணலை வேண்டும். மழைத்துளியும் மேலே உள்ள பனியும் அந்த அலையை நேரடியாகவே மாற்றும், ஆகவே அது ஊகம் குறைந்த வேலை. ஆனால் நுண்ணலை நீளமான அலை, அதைக் கூர்மையாகக் குவிக்கப் பெரிய கிண்ணம் வேண்டும், செய்மதியில் அதற்கு இடமில்லை. நாசாவும் ஜப்பானும் 2014 பெப்ரவரியில் ஏவின ஜிபிஎம் செய்மதியின் நுண்ணலைக் கருவிக்கு 1.2 மீற்றர் கிண்ணம். தாழ்ந்த அலைவரிசையில் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 19க்கு 32 கிலோமீற்றர், உயர்ந்த அலைவரிசையில் 4க்கு 7. அதே செய்மதியில் ஒரு ராடரும் இருக்கிறது, 5 கிலோமீற்றர் கட்டத்தில் மழையை அடுக்கடுக்காக அளக்கும், ஆனால் அது பார்க்கிற பட்டி 245 கிலோமீற்றர் அகலம்தான், அது எங்கள் தலைக்கு மேலே வருகிற நேரம் மழையும் வர வேண்டும். கூர்மை, உண்மை, அடிக்கடி வருவது: மூன்றையும் ஒரே செய்மதியிடம் கேட்டால் கிடைக்காது.

இவற்றையெல்லாம் சேர்த்து நாசா கொடுக்கிற பொருளுக்கு ஐமெர்க் என்று பெயர். அரை மணிக்கு ஒரு படம், 0.1 பாகைக் கட்டம், அதாவது ஒரு பக்கம் 11 கிலோமீற்றர். முதல் தடவை திறந்தபோது சிரித்தேன், எங்கள் பிரதேசம் முழுக்க இரண்டு மூன்று சதுரம், சின்னப் பிள்ளை நிறந்தீட்டின மாதிரி. வருகிற நேரமும் நாலு மணிநேரம் பிந்தித்தான், நிலத்து மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தின கடைசிப் பதிப்பு வர மூன்றரை மாதம். நெல்லை மூடுவதா விடுவதா என்பதற்கு இதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் ஐயாவின் கொப்பி இருக்கிறது, ஒவ்வொரு நாளும் காலமை மழைமானியைப் பார்த்து எழுதுவார். அந்தக் கொப்பியோடு காலபோகம் முழுவதையும் மாதம் மாதமாக வைத்துப் பார்த்தேன். கிட்ட வந்தது அந்தச் சிரிப்புச் சதுரம்தான். என் அப் ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய, எந்தப் பக்கம் பிழைக்கும் என்றே சொல்ல முடியாது.

ஒரே மழையில் வைத்துப் பார்த்தால் சதுரமும் பிழைக்கும், அதை மறைக்கக்கூடாது. சிறுபோக நேரத்து இடிமழை ஒரு வரம்பை நனைத்து அடுத்த வரம்பைக் காயவிடும், 120 சதுர கிலோமீற்றருக்குச் சராசரி எடுத்தால் என் வயலும் இல்லை, அடுத்த வயலும் இல்லை. மாரியில் நாள் முழுக்க ஊரெல்லாம் ஒன்றாகப் பெய்கிற மழைக்குத்தான் அது பொருந்தும்.

அந்த மழைதான் குளத்துக்கும் வேண்டியது. இரணைமடுவுக்குத் தண்ணி வருவது கனகராயன் ஆற்றால், வவுனியாப் பக்கமிருந்து. ஒவ்வொரு வயலிலும் எவ்வளவு பெய்தது என்று குளத்துக்குத் தெரியத் தேவையில்லை, அந்தப் படுகை முழுவதிலும் சேர்த்து எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால் போதும், அதற்கு ஒரு கையளவு சதுரங்களே காணும். 2018 டிசெம்பர் 21, 22 வெள்ளத்தை மறந்தவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அந்த மாதிரி நாளில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்ன நிறம் என்று விரித்துப் பார்க்கிறதில் என்ன இருக்கிறது? மேலே படுகையில் கூட்டுத்தொகை சரியா என்பதுதான் கேள்வி.

மழைக்கு வெளியே ஒரு சின்னக் கதை. 2022 டிசெம்பரில் மாண்டோஸ் புயல் நேரம் காற்று மாசடைந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்த நாட்களில் அடித்த குளிரில் எங்கள் பக்கம் மாடுகளும் செத்தன. பிறகு அப்பில் புகைமூட்டப் படம் என்று ஒரு அடுக்கு இருப்பதைக் கண்டு அந்த நாளைத் தேடினேன். எல்லாம் வெறுமை, ஏனென்றால் மேகம் மூடியிருந்தால் தூசியை மேலிருந்து அளக்க முடியாது. அந்த அடுக்கின் தரவு மூலப் பக்கத்தை வாசித்தபோதுதான் இதே இழுபறி அங்கேயும் இருப்பது தெரிந்தது. நாசாவின் மோடிஸ் கருவி தூசிக்கு 10 கிலோமீற்றர், 3 கிலோமீற்றர் என்று இரண்டு படம் தருகிறது. 10 கிலோமீற்றர் கட்டத்துக்குள் அரைக் கிலோமீற்றர்ச் சின்னக் கட்டங்கள் 400. தரைக்கு மேலே என்றால் அதில் மிக இருண்ட ஐந்தில் ஒரு பங்கையும் மிக வெளிச்சமான பாதியையும் எறிந்துவிட்டு, மிஞ்சினதில்தான் கணக்கு. மேகத்தின் ஓரம், ஈர நிலம், மினுங்குகிற தகரம் எல்லாம் அப்படிக் கழிந்துவிடும். 3 கிலோமீற்றருக்குள் இருப்பதே 36தான், அதிலும் இப்படிக் கழித்தால் மிஞ்சுவது பத்துப் பதினொன்று, ஆகவே படம் கூர்மை, எண்ணில் ஆட்டம் கூட. அதைச் செய்தவர்களே 3 கிலோமீற்றருக்குப் பிழை எல்லையைக் கூட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். இப்படி வெளிப்படையாக எழுதுகிறவன்மேல் எனக்கு மரியாதை. என் அப்பில் பிழை எல்லை என்ற சொல்லே எங்கும் இல்லை.

ராடர் அடுக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த அப்பில் ‘ராடர்’ என்று காட்டுவது எங்கள் பக்கத்துக்கு ராடரே இல்லை, செய்மதியையும் கணினி மாதிரியையும் கலந்து ராடர் நிறத்தில் தீட்டினது. உண்மையான ராடர் பார்க்க விருப்பமென்றால் காரைக்கால் ராடர் படம் இந்திய வானிலைத் திணைக்களத்தின் தளத்தில் உண்டு. கிளிநொச்சிக்கு அது 180 கிலோமீற்றர் தூரம். ராடர்க் கதிர் நேரே போகும், பூமி வளையும், ஆகவே எங்கள் தலைக்கு வரும்போது கதிரின் நடு மூன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும், அகலமும் மூன்று கிலோமீற்றராகிவிடும். பெரிய இடிமழையை அது நன்றாகக் காட்டுகிறது, அந்த ஆவணி இரவில் இதைப் பார்த்திருந்தால் என் நெல் தப்பியிருக்கும். தாழ்ந்த மாரி மழையை மேலால் தாண்டிப் போய்விடும். வவுனியாவில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம், அங்கே கதிர் ஆறு கிலோமீற்றர் உயரத்துக்குக் கிட்ட.

கணினி எதிர்வுகூறல் அடுக்கு பரவாயில்லை, ஆனால் அது ஐரோப்பிய வானிலை நிலையத்தின் 9 கிலோமீற்றர்க் கணினி மாதிரியும் அமெரிக்காவின் 13 கிலோமீற்றர்க் கணினி மாதிரியும்தான். விண்டி என்ற வானிலைத் தளத்திலும் இதே இரண்டும் காசில்லாமல் வருகிறது, எது எந்த மாதிரி என்று பெயர் சொல்லித் தெரிவுசெய்யவும் விடுகிறது. அப்போ காசு எதற்கு?

புள்ளி கேட்டால், படத்தின் வடிவுக்கு ஐந்துக்கு ஐந்து. காற்றின் திசைக்கும் வேகத்துக்கும் நாலு, மருந்து அடிக்கிற நாள் பார்க்க எனக்கு உண்மையிலேயே உதவினது அதுதான். மழைக்கு ஒன்றரை. அந்த அரைப் புள்ளியும் மூன்று நாளைக்கு முன்னமே தாழமுக்கம் வருகிறது என்று சொன்னதற்கு. எழுதிக் கேட்டேன், சாய்வுத் திருத்தம் செய்கிறீர்களா என்று. “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்தது, அடுத்த நாள் சந்தாவைப் புதுப்பித்தால் கழிவு தருவோம் என்று இன்னொன்று. புதுப்பிக்கவில்லை. நல்ல படங்கு ஒன்று பரந்தனில் வாங்கினோம், இப்போதைக்கு அது போதும்.

ஒரு உதவி. தருமபுரம், விசுவமடு, புளியம்பொக்கணைப் பக்கம் யாராவது நாளாந்தம் மழைமானி பார்த்து எழுதுகிறவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், கடையில் வாங்கினதோ போத்தலை வெட்டிச் செய்ததோ பிரச்சினையில்லை, சுவர் நேராக இருந்து, பக்கத்தில் மரமும் கூரையும் இல்லாமல் இருந்தால் சரி. ஐயாவின் கொப்பியில் கார்த்திகை தொடக்கம் தை வரைக்கும் ஒவ்வொரு நாளும் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரே சதுரத்துக்குள் நாலைந்து பேர் சேர்ந்தால் அந்த 11 கிலோமீற்றருக்குள் மழை எவ்வளவு கூடிக் குறைகிறது என்று நாங்களே பார்த்துவிடலாம்.